குந்தவைப் பிராட்டியாரின் பொற்கொடை

ஈலிங் வீதியால் செல்லும்போது அங்குள்ள நகைக்கடைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், தாம் இறைவனுக்கு அளித்த நகைகளின் கணக்கைக் கல்லிலே விட்டுச்சென்ற ஒரு பெருமாட்டியின் வரலாற்றை இங்கே கூறுகின்றோம்.

குந்தவைப் பிராட்டியார் சுந்தர சோழரின் மகளார். முதலாம் இராசராச சோழரின் தமக்கையார். வல்லவரையர் வந்தியதேவரின் துணைவியார். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வாயிலாக உங்கள் பெற்றோர் அவரை நன்கறிவர். அவர் வாழ்வில் துயரும் மிகுதி. தமையனார் ஆதித்த கரிகாலர் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார். பின்னர்த் தந்தையார் மறைந்தபோது, தாயார் வானவன்மாதேவியார் உடன்கட்டை ஏறினார். 985ஆம் ஆண்டு அரியணையேறிய தம்பியார் தமக்கையாரைப் பெரிதும் போற்றினார். தாதாபுரத்திலே சிவனுக்கும் திருமாலுக்கும் சமணருக்கும் தனித்தனியே கோயில் எடுப்பித்த பரந்த உள்ளம் பிராட்டியாருடையது.

1010ஆம் ஆண்டளவில் தஞ்சைப் பெருங்கோயில் நிறைவுற்றது. கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்ட மன்னர், தம் கொடைக்கு அடுத்ததாகத் தமக்கையாரின் கொடையையே வைத்தார். தேவியரின் கொடைகள் அதன் பின்னரே வந்தன. பிராட்டியார் அங்கே உமையம்மையின் திருமேனிகளையும், தம் தந்தை தாயாரின் படிமங்களையும் எழுந்தருளுவித்தார். திருப்பட்டிகை, சூடகம், பாதசாயலம், மோதிரம் எனப் பல அணிகலன்களை அளித்தார்.

அக்கணக்கின் நேர்மை வியப்புக்குரியது. பொன், ஆடவல்லான் என இறைவன் பெயர் தாங்கிய எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது. கோத்த நூலின் எடை கழிக்கப்பட்டது. பொற்கொல்லர் உள்ளே வைத்த அரக்கும் செப்பாணியும் எடையிற் சேர்ந்தமை வெளிப்படையாகக் கூறப்பட்டது. முத்துகள் எண்ணி வகை பிரிக்கப்பட்டன. வைரங்களில் இருந்த பொறிவு, முறிவு, கரும்புள்ளி, செம்புள்ளி ஆகிய குற்றங்களும் மறைக்கப்படவில்லை. அரசகுலத்தார் கொடுத்ததென்பதால் குறையுள்ள கல் நிறைவானது என்று எழுதப்படவில்லை.

அந்நகைகள் காலவெள்ளத்தில் மறைந்தன. கல்வெட்டுகளோ இன்றும் கோயிற் சுவரில் உள்ளன. அன்னையரின் காப்பையும் சங்கிலியையும் விற்றே எம்மவருட் பலர் இந்நாடு வந்து சேர்ந்தோம். அவை மீளா. ஆயினும், அவற்றை யார் அணிந்தனர், எதற்காகக் கழற்றிக் கொடுத்தனர் என்பதை எழுதிவைத்தல் இயலும். மாணவர்களே, இன்றிரவு உங்கள் பாட்டியாரிடம் அவருடைய நகைகளைப் பற்றிக் கேளுங்கள். அவர் கூறுவதைத் தமிழிலே, கூட்டாமலும் குறைக்காமலும், எழுதி வையுங்கள். அவ்வாறு எழுதுவதற்காகவே இப்பள்ளியில் உங்களுக்கு எழுத்தறிவிக்கின்றோம்.