மூன்று விரல் வீரன்

விரல் ஒன்று போய்விட்டால், வேலைக்கு ஆகாதவன் என்று ஒதுக்குகிற உலகம் இது. யந்திரம் தின்ற விரலுக்கு ஈடு கேட்டால், கைவிரிக்கும் முதலாளிகளைத் தொழிலாளத் தோழர்கள் நன்கறிவர். யந்திரத்துக்கு விரலைப் பறிகொடுத்து, அந்த ஊனக் கையாலேயே ஒரு நாட்டை அண்ணாந்து பார்க்கவைத்த ஒருவரின் கதையை இன்று கூறுகிறோம்.

அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 1876-ல் பிறந்தார் மார்டிகாய் பிரவுன். பண்ணையிலே, மாட்டுத் தீனி நறுக்கும் யந்திரத்தில் சிறுவனின் வலக்கை சிக்கியது. ஆள்காட்டி விரல் போயிற்று. அந்தப் புண் ஆறுமுன் கீழே விழுந்ததில் மற்ற விரல்களும் முறிந்து கோணின. வளர்ந்ததும், வயிறு அழைத்துச் சென்ற இடம் நிலக்கரிச் சுரங்கம்! பகலெல்லாம் கரி, ஓய்ந்த நேரத்தில் பேஸ்பால் பந்து.

கிரிக்கெட்டுக்கு உறவான ஆட்டம் அது. ஆனால் பந்து தரையில் படாமல், நேரே மட்டைக்காரனை நோக்கிப் பாயும். கோணல் விரல்களிலிருந்து கிளம்பிய பிரவுனின் பந்தோ, மட்டையை நெருங்கியதும் வளைந்தது, விழுந்தது, ஏய்த்தது! குறை என்று உலகம் கூறியது எதுவோ, அதுவே படைக்கலமாயிற்று.

1903-ல் செயிண்ட் லூயிஸ் அணி. மறு ஆண்டு சிகாகோ கப்ஸ் அணி. 1906-ல் அவ்வணி பெற்ற வெற்றி 116, தோல்வி 36. அந்தப் பருவத்தில் பிரவுனுக்கு 26 வெற்றி, 6 தோல்வி.

1908, அக்டோபர் 8. நியூயார்க் மைதானம். லீக் பட்டம் யாருக்கு என்று தீர்மானிக்கும் ஆட்டம். எதிரே நியூயார்க்கின் மாத்யூசன், கல்லூரியில் பயின்றவர். முதல் இன்னிங்சிலேயே சிகாகோ பந்தெறிவாளர் தடுமாறினார். அழைக்கப்பட்டார் பிரவுன். ஊரே எதிர்த்துக் கூச்சலிட, அசையாது நின்றார். சிகாகோ 4, நியூயார்க் 2! பட்டம் பெற்ற கையோடு டெட்ராய்ட்டையும் வென்றது சிகாகோ. அவ்வணி மீண்டும் அந்த உலகப் பட்டத்தைக் காண 2016 வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்வளவு செய்தவருக்குக் கிடைத்தது என்ன? 1912-ல் முழங்காலில் அடிபட்டது. அணி அவரைக் கைவிட்டது. ஆட்டக்காரர்களை முதலாளிகள் விற்கலாம், வாங்கலாம். ஒப்பந்தம் முடிந்தாலும், விரும்பிய அணிக்குச் செல்ல ஆட்டக்காரனுக்கு உரிமையில்லை. கைதட்டலுக்கு நடுவே ஒரு கொத்தடிமை முறை! அந்தத் தளை அறுபட்டது 1975-ல்தான். 1914-ல் புதிய லீக் ஒன்று போட்டிக்கு எழுந்தபோது பிரவுன் அங்கே சென்றார். இரண்டே ஆண்டுகளில் அது மூடப்பட்டது. 1916-ல் மீண்டும் சிகாகோவுக்கு வந்து, பெரிய ஆட்டங்களை முடித்துக்கொண்டார். மொத்த வெற்றி 239.

இன்னொன்றையும் மறைக்கமாட்டோம். ஊனக் கைக்கு இடமளித்த அந்த மைதானங்கள், 1947 வரை கறுப்பு நிறக் கைக்கு இடமளிக்கவில்லை. திறமைக்கே முதலிடம் என்று பேசிய நாடுதான் அது!

பிற்காலத்தில் பெட்ரோல் நிலையம் நடத்திப் பிழைத்த பிரவுன், 1948, பிப்ரவரி 14 அன்று மறைந்தார். புகழ் மண்டபத்தில் இடம் தந்தது மறு ஆண்டு, அவர் கண்மூடிய பிறகு!

கோணிய கைகளுக்கு, அவை இயங்கும்போதே மதிப்பளிக்கும் நாள் வரவேண்டும். மாலை, மறைந்த பிறகு எதற்கு?