சுபேதார் ராம்ஜி: அண்ணலின் முதல் ஆசிரியர்

அண்ணல் அம்பேத்கரின் படம் இல்லாத சேரியைக் காண்பது அரிது. ஏப்ரல் 14 அன்று மாலை போடுகிறோம். அவர் வாங்கிய பட்டங்களை மேடையில் அடுக்குகிறோம். அந்தப் பட்டங்களுக்கு அடித்தளம் போட்ட பட்டாளத்துக்காரரை மட்டும் போகிற போக்கில் கடந்துவிடுகிறோம். சுபேதார் ராம்ஜி மாலோஜி சக்பால், அண்ணலின் தந்தை. அவருக்கு எழுத்தும் படிப்பும் ஊட்டிய முதல் ஆசிரியரும் அவரே.

ராம்ஜியின் பூர்வீகம் கொங்கணத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் உள்ள அம்பாவடே கிராமம். மகர் குலத்தவர். ஊர்ப் பள்ளியும் பொதுக் கிணறும் மகர்களுக்கு இல்லாத காலம் அது. ஆங்கிலேயரின் பம்பாய்ப் படை மட்டும் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. ராம்ஜியின் தந்தை மாலோஜியும் பட்டாளத்தில் இருந்தவர்தான். மனைவி பீமாபாயின் வீட்டாரும் பட்டாளத்துக்காரர்கள்.

பட்டாளம் சோறு போட்டதோடு நிற்கவில்லை. படைவீரர்களுக்கும் அவர்களது பிள்ளைகளுக்கும், ஆண் பெண் இருபாலருக்கும், அங்கே படிப்பு கட்டாயம். ராம்ஜி புனேயில் இருந்த ராணுவ ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பயின்றார். பிறகு 14 ஆண்டுகள் ராணுவப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தார். 1891-ல் மோவ் பட்டாள முகாமில் அவருக்குப் பிறந்த 14-வது பிள்ளைதான் பீமராவ். அந்த 14 பேரில் தங்கியவர்கள் ஐந்து பேர்.

ராம்ஜி ஓய்வு பெறும் காலத்தில் அந்தக் கதவு சாத்தப்பட்டது. சில சாதிகளுக்கு மட்டும் வீர மரபு என்று முத்திரை குத்திய அரசு, 1890-களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. சம்பளம் போனது, அதைவிடப் பெரிய இழப்பாகப் பள்ளிக்கூடமும் போனது. இதை நன்கு உணர்ந்தவர் ராம்ஜி. நீதிபதி ரானடேயின் உதவியை நாடி அரசுக்கு மனு எழுதினார். பலன் கிட்டவில்லை.

சாத்தாராவில் பொதுப்பணித் துறையில் வேலை கிடைத்துக் குடும்பம் அங்கே போனது. பீமாபாய் அங்கேயே காலமானார். 14 ஆண்டுகள் தலைமை ஆசிரியராக இருந்தவரின் மகன், பள்ளியில் மற்றப் பிள்ளைகளிடமிருந்து விலகி, வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத்துணியில் உட்கார்ந்தான். பள்ளிச் சேவகர் குழாயைத் திறந்துவிட்டால்தான் அவனுக்குத் தண்ணீர். அந்தச் சேவகர் வராத நாளில் தாகத்தோடு இருந்தான்.

வெளியே பள்ளி இப்படி இருந்தபோது வீட்டையே பள்ளியாக்கினார் ராம்ஜி. கபீர் வழியைப் பின்பற்றியவர்; மதுவைத் தொடாதவர். ஆங்கிலமும் கணக்கும் தாமே கற்பித்தார். இதிகாசங்களைப் பிள்ளைகள் வாசிக்க வேண்டும் என்பது வீட்டின் விதி. சூத்திரரையும் தீண்டப்படாதவரையும் இழிவுபடுத்தும் நூல்களை ஏன் படிக்க வேண்டும் என்று பீமராவ் தந்தையிடமே கேட்டார். தாழ்ந்த நிலையில் பிறந்த கர்ணனும் வால்மீகியும் உயர்ந்ததைப் பார் என்றார் ராம்ஜி. மகன் அதை ஏற்கவில்லை. கேட்டதற்காக மகனை அவர் தள்ளி வைக்கவும் இல்லை. பின்னாளில் அந்த நூல்களை வரிக்கு வரி கேள்வி கேட்ட அறிவு, அவரது வீட்டில்தான் பழகியது.

1904-ல் குடும்பம் பம்பாய் பரேலுக்கு வந்தது. தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறை. பீமராவை முன்னிரவில் தூங்கவிட்டு, ராம்ஜி விழித்திருப்பார். அதிகாலை 2 மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டு, அந்த இடத்தில் அவர் படுப்பார். மகன் புத்தகம் கேட்டால், மணமான மகள்களிடம் கடன் கேட்கப் போவார். பணம் இல்லையென்றால் அவர்களது நகையை வாங்கி அடகு வைப்பார். பென்ஷன் வந்ததும் மீட்டுக் கொடுப்பார்.

1907-ல் பீமராவ் மெட்ரிகுலேசன் தேறினார். பின்னர் பி.ஏ. முடித்து, 1913 ஜனவரியில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சில நாட்களிலேயே தந்தைக்கு உடல்நிலை மோசம் என்று தந்தி வந்தது. திரும்பும் வழியில், தந்தைக்கு இனிப்பு வாங்க சூரத்தில் இறங்கியவர் ரயிலைத் தவறவிட்டார். அடுத்த நாள்தான் வீடு சேர முடிந்தது. மகனைக் கண்ட பின் பிப்ரவரி 2 அன்று ராம்ஜி கண்மூடினார். அதே ஆண்டு மகன் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் ஏறினார். அதைப் பார்க்க அவர் இல்லை. 1923-ல் வெளிவந்த ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வு நூலை, தம் கல்விக்காகச் செய்த தியாகங்களுக்கு நன்றியாகத் தாய் தந்தையின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார் அண்ணல்.

திறந்திருந்த ஒரு பள்ளி ராம்ஜியை உருவாக்கியது. ராம்ஜி அம்பேத்கரை உருவாக்கினார். ஆகவே, நம் தெருப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியர் இல்லை என்றாலோ, அது மூடப்படும் என்றாலோ அதைச் சின்னச் செய்தியாக எண்ணிவிடக் கூடாது. மனு எழுதுவோம். பட்டாளத்திலும் பள்ளியிலும் பணியாற்றி ஓய்வு பெற்றுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நம்மிடையே பலர். மாலையில் ஒரு மணி நேரம் அவர்கள் நாலு பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தால் போதும். சுபேதார் ராம்ஜிக்கு அதைவிட நல்ல மாலை வேறில்லை.