ஜீப் தந்த கே. சி. மகிந்திரா

தனுஷ்கோடியைப் பார்த்து வந்த நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கோதண்டராமரைச் சொல்வார்கள், இடிந்து நிற்கும் தேவாலயத்தைச் சொல்வார்கள், கூடவே மணலில் குலுங்கிக் குலுங்கிப் போன பயணத்தையும் சொல்வார்கள். 1964 டிசம்பரில் அடித்த புயல் அவ்வூரின் ரயில் பாதையையும் வீதிகளையும் வாரிக்கொண்டு போயிற்று. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வரும்வரையில், முகுந்தராயர் சத்திரத்தோடு பேருந்து நின்றுவிடும். அதற்கப்பால் மணலே பாதை. ஜீப்பும் வேனுமே துணை.

பனி மூடிய கனடாவில் பொம்பார்டியே என்பவர் பனியில் புதையாத வண்டியைச் செய்து புகழ் பெற்றார். நமக்கு ஏது பனி? மணலும் சேறும் மலைப்பாதையும்தாம் நம் நாட்டின் இடர்கள். அவற்றில் ஓடக்கூடிய வண்டியை இந்நாட்டிலேயே உருவாக்க வழிவகுத்தவர்களில் முதன்மையானவர் கைலாஷ் சந்திர மகிந்திரா.

இவர் 1894-இல் பஞ்சாபின் லூதியானாவில் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர். தந்தை இளமையிலேயே மறைந்ததால் குடும்பப் பாரம் மூத்தவரான ஜகதீஷ் சந்திரரின் தோளில் விழுந்தது. கல்விதான் குடும்பத்தைக் கரையேற்றும் என்று நம்பிய அந்த அண்ணன், தம்பியைக் கேம்பிரிட்ஜ் வரை அனுப்பிப் படிக்க வைத்தார். அதற்கு முன் கைலாஷ் படித்தது லாகூர் அரசுக் கல்லூரியில். அரசுக் கல்லூரி மாணவர் என்ற உறவு நமக்கும் அவருக்கும் உண்டு!

படிப்பு முடிந்து கல்கத்தாவில் மார்ட்டின் கம்பெனியில் பணியாற்றினார். அதன் தலைவர்களில் ஒருவரான சர் ராஜேந்திரநாத் முகர்ஜியின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். அண்ணனோ டாட்டா இரும்பு நிறுவனத்தில் விற்பனைப் பொறுப்பிலிருந்து உயர்ந்து, போர்க்காலத்தில் நாட்டின் இரும்புக் கட்டுப்பாட்டு அதிகாரியானார்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-இல், இந்தியாவுக்கு வேண்டிய பொருள்களை வாங்கும் குழுவின் தலைவராகக் கைலாஷ் அமெரிக்கா சென்றார். அங்கேதான் வில்லிஸ் நிறுவனத்தின் பொறியாளர் பார்னி ரூஸைச் சந்தித்தார். ஜீப்பின் 60 குதிரைத்திறன் எஞ்சினை உருவாக்கியவர் அவர். 1940-இல் அமெரிக்க இராணுவம் கேட்டதற்காகப் பிறந்த இவ்வண்டி, போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டது.

ஜீப்பின் சூட்சுமத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். அக்காலத்துச் சாதாரண கார்களில் எஞ்சினின் வேகம் பின் சக்கரங்களுக்கு மட்டுமே போகும். மணலில் பின் சக்கரம் வெறுமனே சுழன்று தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். முன் சக்கரங்கள் சும்மா நிற்கும். ஜீப்பிலோ கியர் பெட்டியை ஒட்டி இன்னொரு பெட்டி உண்டு. நெம்புகோலைத் தள்ளினால் முன் அச்சுக்கும் விசை பாயும். பின்னது வழுக்கினாலும் முன்னது இழுக்கும். வேகம் குறைந்து இழுவை கூடும் தாழ்ந்த கியரும் உண்டு. டயரில் கொஞ்சம் காற்றையும் இறக்கிவிட்டால் அது அகலமாகப் பரந்து மணல்மேல் மிதப்பது போலப் போகும். மணலில் வண்டி ஓட்டுவோர் பலரும் கைக்கொள்ளும் வித்தை இது.

போர்க்கருவியாக வந்ததைக் கைலாஷ் வேறு கண்ணால் பார்த்தார். சாலையே இல்லாத கிராமங்கள் நிறைந்த நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி ஏது? என் எண்ணத்தில் அவருடைய பெருமை இந்தப் பார்வையில்தான் இருக்கிறது. பளபளக்கும் கார்களுக்குப் பஞ்சமில்லாத அமெரிக்காவில் அவர் மனம் கதவுகூட இல்லாத ஒரு வண்டியை நாடியது.

1945 அக்டோபர் 2-ஆம் நாள் அண்ணனும் தம்பியும் நண்பர் குலாம் முகமதுவும் சேர்ந்து நிறுவனம் தொடங்கினர். பெயர் மகிந்திரா அண்ட் முகமது. முதலில் இரும்பு வியாபாரம். இந்திய நிலக்கரி வயல்கள் பற்றி ஆராயும் அரசுக் குழுவுக்கும் கைலாஷ் தலைவரானார். 1947-இல் பம்பாய் மஜகானில் ஜீப் பூட்டும் வேலை தொடங்கிற்று. பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்த உறுப்புகளை இங்கே ஒன்றுசேர்த்தார்கள்.

அதே ஆண்டில் நாடு இரண்டாயிற்று. கைலாஷ் படித்த லாகூர் அயல்நாட்டு நகரமாகிவிட்டது. குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகச் சென்றார். 1951-இல் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலும் ஆனார். ஒரே கம்பெனியின் கூட்டாளிகளில் ஒருவர் எல்லைக்கு அப்பால் அரசாளுகிறார், மற்றவர்கள் இப்பால் ஜீப் பூட்டுகிறார்கள்! 1948-இல் கம்பெனி மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆயிற்று. எம் அண்ட் எம் என்ற எழுத்துகளோடு கடிதத்தாள்கள் முன்பே அச்சாகிவிட்டதால், அவை வீணாகாமலிருக்க இப்பெயரை வைத்தார்கள் என்று சொல்வதுண்டு. தாளைக் காப்பாற்ற முடிந்தது; நண்பரைத் தக்கவைக்க முடியவில்லை.

1951-இல் அண்ணன் காலமானார். தன்னை ஆளாக்கியவர் இல்லாத நிறுவனத்தைத் தம்பி தொடர்ந்து நடத்தினார். 1954-இல் வில்லிஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. பூட்டும் வேலையோடு நில்லாமல், உறுப்புகளை இங்கேயே செய்யும் வேலையும் படிப்படியாக வளர்ந்தது. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்த பிறகு வட்டார வளர்ச்சி அதிகாரியையும் ஜீப்பையும் பிரித்துப் பார்க்கவே கிராமத்தாருக்குத் தெரியவில்லை. போலீஸ் ஜீப், ஒலிபெருக்கி கட்டிய தேர்தல் ஜீப் என்று அது எத்தனை வேடம் போட்டது! தெருமுனையில் அதன் உறுமல் கேட்டால் பிள்ளைகள் பின்னால் ஓடும். வரிபாக்கி வைத்தவர்கள் வீட்டுக்குள் ஓடுவார்கள்.

1953-இல் கைலாஷ் ஒரு கல்வி அறக்கட்டளையை நிறுவினார். பத்தாண்டு கழித்து 1963-இல் அவர் மறைந்தார். நிறுவனத் தலைமை அக்குடும்பத்தைச் சேர்ந்த கேசவ் மகிந்திராவிடம் சென்றது. அண்ணன் அனுப்பிக் கடல் கடந்து படித்த தம்பி ஏற்படுத்திய அந்த அறக்கட்டளை, வெளிநாடு சென்று மேற்படிப்புப் படிப்போருக்கு வட்டியில்லாக் கடன் வழங்கி வருகிறது. முதல் வகுப்பில் பட்டம் பெற்று, அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடமும் பெற்றவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். நம் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்வார்களாக.