மோட்டாரை விற்றுவிட்டு வானுக்குப் போனவர்

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் நம்ம கிளைக் கூட்டம் முடிஞ்சு, துன் சம்பந்தன் சாலை ஓரமா உட்கார்ந்து தே தாரேக் குடிச்சிட்டிருந்தோம். எஸ்.பி.எம். எழுதி முடித்த ஒரு தம்பி, கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்தவர், பேச்சுவாக்கில் மனசில் இருந்ததைச் சொன்னார். சின்ன வயசிலிருந்தே போர் விமானி ஆகணும்னு ஆசையாம். ஆனா கண்ணாடி போட்டாச்சு. அதுவுமில்லாம நம்ம ஆளுங்களை எல்லாம் எங்கே எடுக்கப் போறாங்கன்னு அவரே ஒரு முடிவும் கட்டிட்டார். விண்ணப்பப் பாரத்தைக் கையால்கூடத் தொடலை. அன்றைக்கு அவருக்குப் பாதி சொல்லி, கடைசி ரயிலுக்கு நேரமானதால் நிறுத்திய கதையை இங்கே முழுசாச் சொல்றேன்.

இந்திரலால் ராய். 1898 டிசம்பர் 2-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தவர். வங்காளிக் குடும்பம், அப்பா பியாரிலால் ராய் பெரிய வழக்கறிஞர். வீட்டில் இந்திரலாலுக்கு லாடி என்று செல்லப் பெயர். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பமே லண்டனுக்குப் போனது. அம்மா லலிதா ராய் லேசுப்பட்டவர் இல்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று 1911-இல் லண்டன் தெருக்களில் நடந்த பெரிய ஊர்வலத்தில், சேலை கட்டிய இந்தியப் பெண்களின் அணியோடு நடந்தவர். அண்ணன் பரேஷ்லால் பின்னாளில் இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை என்று பெயர் வாங்கினார். ஆக, இவர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர் இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளை. இதை மறைத்துவிட்டு, ஏழைச் சிறுவன் வானத்தைத் தொட்டான் என்று கதை கட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனா பணம் திறக்காத கதவு ஒன்று உண்டு. அதுதான் விஷயம்.

1914-இல் முதல் உலகப் போர் வெடித்தபோது ராய்க்குப் பதினைந்து வயது. லண்டன் செயின்ட் பால் பள்ளியில் மாணவர். ஆக்ஸ்பர்டு பல்கலைக்கழகத்தில் படிக்க உபகாரச் சம்பளம் காத்திருந்தது. அவருக்கோ மனசெல்லாம் விமானத்தில். அப்போது பிரிட்டனின் விமானப் பிரிவுக்கு ராயல் பிளையிங் கோர் என்று பெயர். வயது வந்ததும் போய் நின்றார். கண் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? தன்னுடைய மோட்டாரை விற்றார். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு, நாட்டிலேயே பெயர்பெற்ற கண் மருத்துவரிடம் போய் இன்னொரு முறை பரிசோதித்துக்கொண்டார். முடிவு மாறியது. 1917 ஜூலை 5-ஆம் நாள் அதிகாரியாகச் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது அவருக்குப் பதினெட்டரை வயது. அந்த வயதுப் பையனிடமிருந்து மோட்டாரைப் பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நம்ம பசங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

அதிகாரி ஆனார் என்பதை ஒரே வரியில் தாண்டிவிடக் கூடாது. அந்தப் போரில் ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பிரிட்டனுக்காகப் போனார்கள். ஆனால் போர்ப்படைப் பிரிவுகளில் ஓர் இந்தியர் எத்தனை வருஷம் உழைத்தாலும், எத்தனை பதக்கம் வாங்கினாலும், சுபேதார் மாதிரியான பதவிகளோடு நின்றுவிடுவார். நேற்று வந்த வெள்ளைக்கார இளைஞனுக்கு அவர்தான் சல்யூட் அடிக்க வேண்டும். மன்னரின் ஆணை பெற்ற முழு அதிகாரி என்ற நிலை இந்தியருக்கு மெல்லத் திறக்க ஆரம்பித்ததே அந்த 1917-இல்தான். விமானப் பிரிவில் அப்படி நுழைந்தவர்கள் நாலு பேர்: ஹர்தித் சிங் மாலிக், ஸ்ரீகிருஷ்ண வெலிங்கர், எரோல் சந்தர் சென், நம்ம ராய். மாலிக் சீக்கியர். தலைப்பாகையைக் கழற்ற மாட்டேன் என்று நின்று, அதன்மேல் போட்டுக்கொள்ளப் பெரிய அளவில் தலைக்கவசம் செய்து வாங்கினார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

1917 அக்டோபர் இறுதியில் ராய் பிரான்ஸ் போர்முனைக்குப் போய் 56-ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். பெரிய வீரர்கள் இருந்த படைப்பிரிவு அது. இவர் அங்கே ஒன்றும் சாதிக்கவில்லை. டிசம்பர் 6-ஆம் நாள் அவருடைய விமானம் தரையில் மோதி நொறுங்கியது. இங்கே ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இறந்துவிட்டார் என்று நினைத்து அவரைப் பிணவறையில் கிடத்தினார்களாம். நினைவு திரும்பிய ராய் கதவைத் தட்டித் தட்டி, பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறை பிரெஞ்சில் கத்தினாராம். வெளியே இருந்தவர்கள் பேய் என்று பயந்து சீக்கிரத்தில் கதவைத் திறக்கவில்லையாம். கதை எப்படி இருந்தாலும், காயம் உண்மை. இனிமேல் பறக்கத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டதும் உண்மை.

குணமாகிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் அவர் வரைந்துகொண்டே இருந்தார். விமானம், விமானம், விமானம். எதிரி மேலிருந்து பாய்வது, இவர் கீழிருந்து திரும்புவது, புகை விட்டபடி ஒன்று விழுவது. அந்தப் படங்களில் பல இன்றும் இருக்கின்றன. படுக்கையில் கிடந்தபடியே அவர் மனசுக்குள் பறந்து பழகிக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதோடு, மறுபடி பறக்க விடுங்கள் என்று அதிகாரிகளை விடாமல் கேட்டு நச்சரித்தார். கடைசியில் அவர்கள்தான் இறங்கி வந்தார்கள். 1918 ஜூனில் 40-ஆம் ஸ்குவாட்ரனில் இடம் கிடைத்தது. அதற்குள் விமானப் பிரிவின் பெயரும் ராயல் ஏர் போர்ஸ் என்று மாறியிருந்தது. தலைவராக வாய்த்தவர் ஜார்ஜ் மெக்கெல்ராய், அயர்லாந்துக்காரர், வான்சண்டையில் கைதேர்ந்தவர்.

ராய் ஓட்டிய எஸ்.இ.5ஏ பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மீதிக் கதை புரியும். மரச்சட்டம், மேலே துணி. ஒருவர் மட்டுமே உட்காரலாம். கூரை கிடையாது. வேகம் மணிக்கு 220 கிலோமீட்டர் வரை போகும். காற்று முகத்தில் அறையும். இரண்டு துப்பாக்கிகள். ஒன்று முன்னால், சுழலும் விசிறியின் இடைவெளி வழியாகச் சுடும். இன்னொன்று மேல் இறக்கையின் மேலே இருக்கும். அதில் குண்டு தீர்ந்தால், ஒரு கையால் துப்பாக்கியைக் கீழே இழுத்து, காலியான உருளையைக் கழற்றி, புதுசை மாட்டணும். எதிரி பின்னால் துரத்திக்கொண்டிருக்கும்போதே இத்தனையும் நடக்கணும். பாரசூட்? பிரிட்டிஷ் போர் விமானிகளுக்கு அப்போது கொடுக்கவே இல்லை. நெருப்புப் பிடித்தால் அவ்வளவுதான்.

ஜூலை 6-ஆம் நாள் முதல் எதிரி விமானத்தை வீழ்த்தினார். 8-ஆம் நாள் நாலு மணி நேரத்துக்குள் மூன்று. 13-ஆம் நாள் இரண்டு. 15-ஆம் நாள் இன்னும் இரண்டு. 18-இல் ஒன்று, 19-இல் ஒன்று. கூட்டிப் பார்த்தால் பத்து, அதில் இரண்டு சக விமானிகளோடு சேர்ந்து வீழ்த்தியவை. மொத்தம் பதின்மூன்று நாள். ஐந்து விமானம் வீழ்த்தியவரை ஏஸ் என்று தனிச் சிறப்போடு அழைப்பது வான்படை வழக்கம். அந்தப் போரில் அந்தப் பெயரைப் பெற்ற ஒரே இந்தியர் ராய்தான். ஏழு மாதத்துக்கு முன் தகுதியில்லை என்று எழுதி வைக்கப்பட்டிருந்தவர்!

ஜூலை 22-ஆம் நாள், பிரான்ஸின் கார்வின் என்ற ஊருக்கு மேலே, ஜெர்மானியர்களின் போக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் அவர் விமானம் தீப்பற்றி விழுந்தது. வயது பத்தொன்பதரை. தலைவர் மெக்கெல்ராயும் அடுத்த ஒன்பதாவது நாள் போய்விட்டார். செப்டம்பரில் ராய்க்கு டி.எப்.சி. பதக்கம் அறிவித்தார்கள். அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். பதக்கத்தை நெஞ்சில் குத்திக்கொள்ள அவர் இல்லை.

இனி ஒரு சங்கடமான கேள்வி. யாருக்காகச் செத்தார்? நம்மை ஆண்டவனுக்காகத்தானே? நேதாஜியின் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம். இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ராய் செத்து ஒன்பது மாதத்தில், 1919 ஏப்ரலில், அதே பிரிட்டிஷ் பேரரசின் துப்பாக்கிகள் ஜாலியன்வாலா பாக்கில் இந்தியர்களையே சுட்டன. அந்தச் சமயத்தில் நம்ம முன்னோர்கள் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் மரம் சீவிக்கொண்டிருந்தார்கள். போர் வண்டிகளின் டயருக்கு ரப்பர் வேண்டுமே! அவர்களும் ஒருவகையில் அந்தப் போருக்குத்தான் உழைத்தார்கள், யாரும் அவர்களைக் கேட்காமலேயே. ராய் தானாகப் போனார். இந்த வேறுபாட்டை நான் பூசி மெழுகவில்லை. ஆனாலும், இந்தியனால் விமானம் ஓட்ட முடியாது, அதிகாரம் செய்ய முடியாது என்ற பேச்சை அந்தப் பதின்மூன்று நாள் அர்த்தமில்லாமல் செய்துவிட்டது. பேரரசுக்காகப் பறந்தவர்தான், ஆனால் பேரரசு நம்மைப் பற்றி வைத்திருந்த கணக்கைப் பொய்யாக்கியவரும் அவரே. நான் மரியாதை செய்வது அந்த இரண்டாவது ஆளுக்கு.

அதே 1917-இல் அதே பிரான்ஸ் வானத்தில் இன்னொருவரும் பறந்தார். யூஜின் புல்லார்ட், அமெரிக்கக் கறுப்பர். ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து, நிறவெறிக்குத் தப்பிக் கப்பலில் ஒளிந்து ஐரோப்பா போனவர். பிரான்ஸுக்காகத் தரைப்படையில் சண்டை போட்டு, வெர்டனில் காயப்பட்டு, பிறகு விமானியானார். அமெரிக்கா போரில் இறங்கியதும், பிரெஞ்சுப் படையில் இருந்த அமெரிக்க விமானிகளைத் தன் படைக்கு அழைத்துக்கொண்டது. புல்லார்டை மட்டும் அழைக்கவில்லை. காரணம் தோலின் நிறம். பிரான்ஸ் 1959-இல் அவருக்கு உயர்ந்த விருது கொடுத்தபோது, அவர் நியூயார்க்கில் ஒரு பெரிய கட்டடத்தில் மின்தூக்கி இயக்கிக்கொண்டிருந்தார். 1961-இல் இறந்தார். அமெரிக்க விமானப் படை அவருக்கு அதிகாரிப் பதவி கொடுத்தது 1994-இல்.

இந்தியருக்கும் கதவு உடனே விரியத் திறக்கவில்லை. ராய்க்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1930-இல்தான் இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரிக்கு விமானப் பயிற்சிக்காக இந்திய இளைஞர்கள் அனுப்பப்பட்டார்கள். 1932 அக்டோபர் 8-இல் இந்திய விமானப் படை பிறந்தது. கிரான்வெல் போன அந்த முதல் அணியில் இருந்த சுப்ரதோ முகர்ஜி, ராய்க்கு மருமகன் முறை. 1954-இல் விமானப் படையின் முதல் இந்தியத் தளபதியாக வந்தவர் அவர்தான். மாமா பறந்தபோது அவருக்கு ஏழு வயது.

கல்கத்தாவில் பவானிப்பூர் பக்கம் இந்திரா ராய் சாலை என்று ஒரு தெரு இருக்கிறது. 1998-இல், அவர் பிறந்த நூறாவது ஆண்டில், இந்தியா தபால்தலை வெளியிட்டது. அவரை அடக்கம் செய்தது வட பிரான்ஸில், எஸ்தவெல் என்ற சின்ன கிராமத்து இடுகாட்டில். சுற்றிலும் பிரெஞ்சுக் குடும்பங்களின் கல்லறைகள். நடுவில் ஒரு கல்லில் மட்டும் வங்காள எழுத்து.