துறைமுகமில்லாக் கரையிலிருந்து வந்த துறைமுக அமைச்சர்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நீண்டு கிடக்கும் எங்கள் கரைக்குக் கடலிலே குறைவில்லை. கரைவலை இழுப்போரின் ஓசை கேட்டே எங்களூர்ப் பிள்ளைகள் கண் விழிப்பதுண்டு. ஆயினும் கப்பல் என்பது எங்களுக்கு அடிவானத்தில் ஊர்ந்து மறையும் ஒரு புள்ளியாகவே இருந்து வந்தது. புகையிரதப் பாதையும் மட்டக்களப்போடு நின்றுவிட, அதற்குத் தெற்கேயுள்ள நெல்லும் மீனும் லொறியேறித்தான் கொழும்பைக் காண வேண்டும். அத்தகைய கரையில் வளர்ந்த ஒருவர், நாட்டின் துறைமுகங்கள் அனைத்துக்கும் ஆறாண்டு காலம் அமைச்சராக வீற்றிருந்தார். அவர்தாம் மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப்.

அன்னாரின் அரசியலைப் பற்றி எழுதியோர் பலர். நான் எழுதப் புகுந்ததற்குக் காரணம் வேறு. அன்னாரின் காலத்திலே கொழும்புத் துறைமுகத்தில் இலிகிதனாகச் சேர்ந்து, கொள்கலன்களின் இலக்கங்களைக் குறித்துக் குறித்தே தலை நரைத்தவன் நான். அவரோடு ஒரு வார்த்தையேனும் பேசியவனல்லன். கூட்டங்களிலே தூரத்தில் நின்று கேட்டவன் மாத்திரமே.

1948ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆந் திகதி சம்மாந்துறையிற் பிறந்த அஷ்ரப், கல்முனையில் வளர்ந்து அங்கேயே கல்வி கற்றார். பின்னர் சட்டக் கல்லூரியிற் பயின்று சட்டத்தரணியானார். 1977ஆம் ஆண்டுத் தேர்தலிலே தமிழர் விடுதலைக் கூட்டணியோடு கைகோத்து நின்ற முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணியில் அவர் முன்னணியாளர். அந்த உறவு நிலைக்கவில்லை. 1981இல் காத்தான்குடியிலே முஸ்லிம் காங்கிரஸ் என்னும் அமைப்பு உருவாகி, 1986இல் அது தேசிய அரசியற் கட்சியாயிற்று. 1980களின் நடுவிலே கிழக்கில் மூண்ட கலவரங்கள் அவரைக் கல்முனையை விட்டுக் கொழும்பிற் குடியேறச் செய்தன. ஊரைப் பிரிந்த மனிதர் ஊரின் தலைவரானது அதன் பின்னரேயாம். 1989இல் திகாமடுல்ல மாவட்டத்திலிருந்து பாராளுமன்றஞ் சென்றார்.

1994ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவுகளை இன்றைய மாணவர்கள் ஒருமுறை எடுத்துப் பார்த்தல் நன்று. 225 ஆசனங்களுள் பொதுசன ஐக்கிய முன்னணிக்குக் கிடைத்தவை 105. முஸ்லிம் காங்கிரஸின் கையில் இருந்தவை 7. அந்த ஏழின்றி ஆட்சி அமைவது அரிது. கேட்டதைப் பெறத்தக்க அவ்வேளையில் அஷ்ரப் ஏற்றது கப்பற்றுறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு, புனரமைப்பு ஆகியவற்றின் அமைச்சாகும். நெல்விளையும் பூமியிலிருந்து வந்தவர் விவசாயத்தைக் கேட்டிருக்கலாகாதா என்று எங்களூர்த் தேநீர்க்கடையிலே விவாதம் நடந்தது எனக்கு நினைவிருக்கின்றது. நானும் அப்படியே எண்ணியவன்தான். துறைமுகம் என்பது என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

சேர்ந்த பின்னரே தெரிந்தது. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மல்கம் மக்லீன் என்னும் அமெரிக்க லொறி முதலாளி, 58 பெட்டிகளை ஒரு கப்பலின் மேற்றளத்தில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டையாகவும் பீப்பாவாகவும் தோளிற் சுமந்த சரக்கு, அன்று தொடக்கம் இரும்புப் பெட்டிக்குட் புகுந்தது. கொழும்பிலே 1980களில் ஜய கொள்கலன் முனையம் எழுந்தது. பெருங்கப்பல்கள் அங்கே பெட்டிகளை இறக்கும். சிறு கப்பல்கள் அவற்றை ஏற்றி இந்தியாவுக்கும் வங்காளதேசத்துக்கும் கொண்டுசெல்லும். ஆகவே கொழும்பில் இறங்கும் பெட்டிகளுட் பெரும்பாலானவை இலங்கைக்கு உரியனவேயல்ல. ஒரு சத்திரத்திலே இரவு தங்கிப் போகும் வழிப்போக்கர் போல அவை வந்து போகும்.

ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்ட முற்றத்திலே, ஒரு குறிப்பிட்ட பெட்டி எங்கேயிருக்கின்றது என்று அறிவது எவ்வாறு? வாசகர்கள் வீதியிலே போகும் கொள்கலனைக் கண்டால் அதன் கதவைச் சற்று நோக்குக. நான்கு எழுத்துக்கள், ஆறு இலக்கங்கள், அதன் பின் கட்டத்துக்குள்ளே தனியாக ஓர் இலக்கம் காணப்படும். முதல் மூன்று எழுத்துக்கள் உரிமையாளரைக் குறிப்பவை. கட்டத்துக்குள் நிற்கும் கடைசி இலக்கமே காவற்காரன். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பெறுமானம் உண்டு. எழுத்துக்களின் பெறுமானங்களையும் ஆறு இலக்கங்களையும் வரிசைப்படி 1, 2, 4, 8 என்று 512 வரை இரட்டித்துச் செல்லும் எண்களாற் பெருக்கி, யாவற்றையுங் கூட்டி, 11ஆல் வகுத்தால் எஞ்சுவது அந்த இலக்கமாக இருத்தல் வேண்டும். 10 எஞ்சினால் பூச்சியம். இடையிலே ஓர் இலக்கத்தைப் பிழையாக எழுதினால் கணக்கு ஒவ்வாது.

இதை எனக்குக் கற்பித்தவர் ஒரு வயோதிபச் சிங்கள இலிகிதர். என்னை மல்லி என்றே அழைப்பார். எங்களிற் பலர் அமைச்சரின் ஆட்கள் என்ற பெயரோடு உள்ளே வந்தவர்கள் என்பதை அவர் நன்கறிவார். அதனை ஒருநாளேனும் சொல்லிக் காட்டினாரில்லை. ஒரு மழையிரவில், பாரந்தூக்கியின் அடியிலே நின்று பெட்டி குறித்துக்கொண்டிருந்த நான், மூன்றாம் அடுக்கு என்று எழுதவேண்டியதை நான்காம் வரிசை என்று எழுதிவிட்டேன். பெட்டியின் இலக்கம் சரி, இடம் பிழை. இடத்துக்குக் காவல் இலக்கம் இல்லையே! விடியும்வரை அந்தப் பெட்டியைத் தேடினோம். கடைசியில் டோர்ச் விளக்கோடு வரிசை வரிசையாக நடந்து அதைக் கண்டுபிடித்தவர் அந்தப் பெரியவரே.

கிழக்கிலங்கை முஸ்லிம் இளைஞர்கள் பெருந்தொகையாகத் துறைமுகத்தில் வேலை பெற்றது அஷ்ரப் அவர்களின் காலத்திலேதான். இதனைச் சாதனை என்று எங்கள் ஊரார் கொண்டாடினர். கட்சி பார்த்தும் மாவட்டம் பார்த்தும் ஆட்கள் நிரப்பப்பட்டனர் என்று ஏனையோர் குறைகூறினர். நான் இரு பக்கத்தையும் உணவுச்சாலை மேசையிலே கேட்டவன். குறைகூறியோர் பொய் சொன்னார்கள் என்று என்னாற் கூற முடியாது. ஆனால், அதற்கு முந்திய தலைமுறைகளில் எங்கள் கரையிலிருந்து அத்துறைமுகத்துக்குட் சென்றவர்கள் எத்தனை பேர் என்று அவர்களுட் கேட்டவர் ஒருவருமில்லை. போர் வீதிகளை அடைத்திருந்த காலம் அது. வள்ளக்காரன் மகனுக்கு வயலும் இல்லை, கடலுக்குப் போகவும் அனுமதி இல்லை. வேலை ஒன்று கிடைத்ததனாலேயே என் தங்கைமார் இருவர் பள்ளிக்கூடத்தை விடாது கற்றனர். இதனை நியாயமென்று எழுதவில்லை, நடந்ததை எழுதுகின்றேன்.

அவர் அமைச்சராக இருந்த காலத்திலே துறைமுகமும் வளர்ந்தது. ஆண்டொன்றுக்குக் கையாளப்பட்ட பெட்டிகள், இருபதடி அளவிற் கணக்கிட்டால், 1990களின் நடுவிலே பத்து இலட்சத்தைக் கடந்து, 2000இல் ஏறத்தாழ 17 இலட்சத்தை எட்டின. இந்த வளர்ச்சியின் வித்து முன்னைய ஆட்சியிலேயே இடப்பட்டது என்பதையும் நீதியாகச் சொல்லவேண்டும். 1996 ஏப்ரல் 12ஆந் திகதி விடுதலைப் புலிகள் துறைமுகத்தையே தாக்கினர். ஆயினும் கப்பல்கள் வருவது நின்றுவிடவில்லை. 1999இல் எலிசபெத் மகாராணி இறங்குதுறை 30 ஆண்டு ஒப்பந்தத்திலே தனியார் கூட்டு நிறுவனமொன்றின் வசமாயிற்று. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. எனக்கும் அன்று அது உவப்பாயிருக்கவில்லை. பெட்டிகள் விரைவாக நகர்ந்தன என்பதைப் பின்னாளில் என் கையேடே எனக்குக் காட்டிற்று.

இவற்றுக்கிடையே அவர் கவிதையும் எழுதினார் என்பது பலருக்கு வியப்பாகலாம். 1999இல் வெளியான நான் எனும் நீ என்னும் தொகுதி அன்னாருடையது. அரசியல்வாதி ஒருவரின் பொழுதுபோக்கு என்று அதனைத் தள்ளியோர் உளர். தனிமையை உணர்ந்த ஒருவரின் ஏடு அதுவென்பதே என் அபிப்பிராயம்.

ஒலுவில் அவருடைய பெருங்கனவு. போரினாற் கல்வி குலைந்த கிழக்கு மாணவர்களுக்காக 1995 ஒக்டோபரிலே அட்டாளைச்சேனையில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. மறு ஆண்டில் அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, பின்னர் ஒலுவிலில் நிலைகொண்டது. அதே ஒலுவிலிலே துறைமுகம் ஒன்றும் எழவேண்டும் என்பது அவர் திட்டம். எங்கள் நெல் லொறியேறாமற் கப்பலேறும் என்று நாங்கள் கணக்குப் போட்டோம்.

2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 16, சனிக்கிழமை. ஒக்டோபர் 10இல் நடக்கவிருந்த பொதுத்தேர்தலின் பிரசார காலம் அது. கொழும்பிலிருந்து அம்பாறை நோக்கிப் புறப்பட்ட ஹெலிகொப்டர், அரநாயக்கவில் ஊரகந்த மலையில் வீழ்ந்தது. அவரும் உடன் சென்ற யாவரும் மாண்டனர். அவருக்கு வயது 51. அன்று மாலை முற்றத்திலே எங்களூர்ப் பையன்கள் ஆங்காங்கே குந்தியிருந்தனர். கப்பலோ காத்திராது, அந்தச் சிங்களப் பெரியவர் என் கையிலிருந்த பலகையை வாங்கி, என் முறைக்குரிய பெட்டிகளையும் தாமே குறித்தார்.

ஒலுவில் துறைமுகத்தின் கட்டட வேலை 2008இல், டென்மார்க்கின் கடனுதவியோடு தொடங்கி, 2013 செப்டெம்பரிலே திறந்து வைக்கப்பட்டது. கிழக்குக் கரையிலே மணல் தெற்கிருந்து வடக்கு நோக்கி நகர்வது இயல்பு. கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புகள் அந்த நகர்வை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை அரிப்புண்டு, தென்னந்தோப்புகள் கடலில் வீழ்ந்தன. துறைமுக வாயிலும் மணலால் அடைபட, மீன்பிடி வள்ளங்களே உள்ளே நுழைய முடியாது தவித்தன. கொள்கலன் கப்பல்கள் வந்துபோகும் வணிகத் துறைமுகமாக அது இயங்கவேயில்லை. அவர் இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா என்று ஊரிலே கேட்கின்றனர். மணல் அமைச்சரைப் பார்த்து நகர்வதில்லை என்றே நான் விடை சொல்வது வழக்கம். சொல்லிவிட்டு, அவர் கேள்விகளை விடாது கேட்கும் சட்டத்தரணி என்பதையும் எண்ணிக்கொள்வேன்.

ஓய்வு பெற்றபின் சிற்சில மாலைகளில் ஒலுவிலுக்குச் செல்வேன். அலைதடுப்பின் கற்களிலே தூண்டில் போடும் சிறுவர்கள் இருப்பார்கள். வாயிலருகே வள்ளக்காரர்கள் ஆழம் பார்க்கக் கம்பை இறக்கி, மணல் எத்தனை முழத்தில் தட்டுகின்றது என்று ஒருவருக்கொருவர் கூவிச் சொல்வார்கள். பழைய பழக்கம் விடாது. சட்டைப்பையிலுள்ள சிறு கொப்பியை எடுத்து, திகதியிட்டு, அந்த முழக்கணக்கைக் குறித்துக்கொள்வேன்.