கூந்தலும் தன்மானமும்

மேடம் சி.ஜே. வாக்கர் என்னும் பெயர் தமிழ் வாசகர்களுக்கு அவ்வளவாக அறிமுகமில்லாதது. அமெரிக்காவிலோ, கறுப்பினப் பெண்களின் கூந்தலைப் பற்றிய எந்த விவாதமும் அவர் பெயரைத் தொடாமல் முடிவதில்லை. சொந்த உழைப்பால் பெருஞ்செல்வம் ஈட்டிய முதல் பெண் என்று ஒரு சாரார் அவரைப் போற்றுகிறார்கள். தம் இனத்துப் பெண்களின் இயற்கையான சுருள்முடியை வெள்ளையரின் நேர்முடியைப் போல் ஆக்கிக் காட்டியவர் என்று மறுசாரார் குறை கூறுகிறார்கள். இரு சாராரும் அவருடைய வாழ்க்கையின் மையத்தைத் தவறவிட்டுவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

கடலூரில் இருந்துகொண்டு அவரைப் பற்றி எழுத எனக்கொரு காரணம் உண்டு. கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில், தேவநாத சுவாமி கோயிலை ஒட்டிய ஔஷதகிரி மலையில் முகூர்த்த நாள்களில் திருமணங்கள் வரிசையாக நடைபெறும். சவுரி வைத்துப் பின்னி, பூவும் குஞ்சலமும் சூட்டிய சடையோடு மணப்பெண்கள் படியேறும் அதே காலை நேரத்தில், வேண்டுதல் நிறைவேறிய பெண்கள் தலைமுடியைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டுச் சந்தனம் பூசிய தலையோடு வருவார்கள். இரண்டு கோலங்களுக்கும் அங்கே ஒரே மரியாதைதான். பெண்களின் கூந்தலை ஐம்பால் என்று வழங்கி, குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி என ஐவகை ஒப்பனை கண்ட மொழி நம்முடையது. சுருளும் அந்த ஐந்தில் ஒன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நம் கோயில்களில் சேரும் முடி ஏலம் விடப்படுகிறது. சிக்கெடுக்கப்பட்டு, நீளவாரியாகத் தரம் பிரிக்கப்பட்டு, பொய்முடியாகவும் சவுரியாகவும் கடல் கடக்கிறது. அதை வாங்கி அணிவோரில் கறுப்பினப் பெண்கள் கணிசமானவர்கள். இங்கே ஒரு பெண் மனமுவந்து கொடுத்த முடியை அங்கே இன்னொரு பெண் விலைகொடுத்து வாங்கிச் சூடுவதில் பிழையேதும் இல்லை. ஆனால், தன் சொந்த முடியோடு அலுவலகம் சென்றால் மதிப்பு கிடைக்காது என்ற அச்சத்தில் அவள் அதை வாங்கினால், அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் வேண்டும்.

அந்த அச்சத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆப்பிரிக்கச் சமூகங்கள் பலவற்றில் முடியலங்காரம் ஒருவரின் குலத்தையும் வயதையும் மண நிலையையும் அறிவித்தது. தலையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னும் பின்னல், நூல் சுற்றிய கற்றைகள், சிறு முடிச்சுகள், திரித்த சடைகள் என எண்ணற்ற வகைகள் இருந்தன. அடர்ந்து சுருண்ட முடி எந்த வடிவத்திலும் நிற்கும் என்பதே அதன் வலிமை. அடிமை வணிகத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களுக்குப் பழகிய சீப்பும் எண்ணெயும் இல்லை. தலைவாரிக்கொள்ள ஓய்வும் இல்லை. ஸ்பானிய ஆட்சியில் இருந்த லூசியானாவில் 1786-ஆம் ஆண்டு ஆளுநர் மிரோ, அடிமைகளாக இல்லாத கறுப்பினப் பெண்களும் கூந்தலைத் துணியால் மறைத்துக் கட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். அப்பெண்களோ வண்ணத் துணிகளை விதவிதமாகக் கட்டி அந்த ஆணையையே அலங்காரமாக்கிக் கொண்டார்கள்.

அதே லூசியானாவின் டெல்டா என்னும் ஊரில், 1867 டிசம்பர் 23-இல் சாரா பிரீட்லவ் பிறந்தார். பெற்றோரும் உடன்பிறந்த மூத்தவர்களும் பருத்தித் தோட்டமொன்றில் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமை முறை ஒழிந்தபின் அக்குடும்பத்தில் சுதந்திரமாகப் பிறந்த முதல் குழந்தை சாரா. ஏழு வயதுக்குள் தாயையும் தந்தையையும் இழந்தார். அக்காள் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். அக்காள் கணவரின் கொடுமையிலிருந்து தப்ப, பதினான்கு வயதில் மணம் புரிந்தார். 1885-இல் மகள் லீலியா பிறந்தாள். அடுத்த இரண்டே ஆண்டுகளில் கணவர் இறந்துவிட, இருபது வயதில் கைக்குழந்தையோடு விதவையானார்.

சாராவின் அண்ணன்மார் செயின்ட் லூயிஸ் நகரில் முடிதிருத்தும் தொழில் செய்துவந்தனர். அங்கே சென்று சலவைத் தொழிலாளியாக ஏறத்தாழ ஒன்றரை டாலர் தினக்கூலிக்குப் பல ஆண்டுகள் உழைத்தார். மகளைப் படிக்க வைப்பது ஒன்றே குறிக்கோள். இந்தக் காலத்தில்தான் அவருடைய முடி கொட்டத் தொடங்கியது. வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் இல்லாத ஏழைக் குடியிருப்புகளில் அடிக்கடி தலைக்குக் குளிக்க இயலாது. கடுங்கார சோப்பும், பொடுகும், உச்சந்தலைப் புண்ணும், சத்தற்ற உணவும் சேர்ந்து அக்காலத்துக் கறுப்பினப் பெண்கள் பலரின் தலையை வழுக்கையாக்கின. அழகு என்பதற்கு முன்பே அது நோயாகவும் வறுமையாகவும் இருந்தது. தம் நிலையிலிருந்து தாழ்ந்தவர்களைச் சுட்ட, தலையை விட்டு உதிர்ந்த முடியையே வள்ளுவர் உவமையாக எடுத்துக்கொண்டார். உழைத்துப் பிழைத்த அப்பெண்கள் எந்தத் தவறும் செய்யாமலே அந்த இழிவைச் சுமந்தார்கள்.

கறுப்பினப் பெண் தொழில்முனைவோரான அன்னி டர்ன்போ மலோன் தயாரித்த கூந்தல் மருந்தைச் சாரா முதலில் பயன்படுத்தினார். பிறகு அதன் விற்பனையாளரானார். 1905-இல் டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்து, 1906-இல் சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்து, மேடம் சி.ஜே. வாக்கர் என்னும் பெயரில் தம் சொந்தக் களிம்பை விற்கத் தொடங்கினார். அதன் கலவை கனவில் வந்தது என்று அவர் சொல்லிக்கொண்டார். தம் சரக்கைப் பார்த்துச் செய்தது என்பது அன்னியின் வாதம். கந்தகம் சேர்ந்த களிம்பு தலைப்புண்ணுக்கு ஆகும் என்பது அதற்கு நெடுநாள் முன்பே மருத்துவம் அறிந்தது. அவரது கண்டுபிடிப்பு வேறிடத்தில் இருந்தது. தலையை முறையாக அலசுவது, களிம்பு தடவித் தேய்ப்பது, நன்றாக வாருவது என்று ஒரு பராமரிப்பு முறையை வகுத்து, அதைக் கற்பிக்கப் பள்ளி தொடங்கி, கற்றுத் தேறிய பெண்களைத் தம் முகவர்களாக ஊர் ஊராக அனுப்பினார்.

1908-இல் பிட்ஸ்பர்க்கில் மகள் பெயரில் பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். 1910-இல் இண்டியானாபோலிஸ் நகரில் தொழிற்சாலை நிறுவி, அடுத்த ஆண்டே நிறுவனமாகப் பதிவு செய்தார். ஜமைக்கா, கியூபா, பனாமா வரை விற்பனை பரவியது. பயிற்சி பெற்ற முகவர்கள் சுமார் 20,000 பேர் என்று நிறுவனம் கணக்குச் சொன்னது. வெள்ளையர் வீட்டுச் சமையலறையும் சலவைத் தொட்டியும் தவிர வேறு வாழ்வறியாத பெண்கள், சொந்த வீடு வாங்கவும் பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் முடிந்தது.

இதை ஆண்கள் எளிதில் ஏற்கவில்லை. 1912-இல் சிகாகோவில் கூடிய கறுப்பின வணிகர் மாநாட்டில், தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அவருக்குப் பேச வாய்ப்பளிக்காமல் கடத்திக்கொண்டே போனார். இறுதி நாளில் அவர் தாமாகவே எழுந்து நின்று, பருத்திக் காட்டிலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து சமையலறைக்கும், பிறகு சொந்தத் தொழிலுக்கும் வந்த கதையைச் சபையறியச் சொன்னார். மறு ஆண்டு மாநாட்டில் அதே மேடையில் அழைக்கப்பட்ட பேச்சாளர் அவர்.

1917-இல் ஃபிலடெல்ஃபியாவில் தம் முகவர்களின் மாநாட்டைக் கூட்டினார். இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் திரண்டனர். அதிகம் விற்றவர்களுக்கு மட்டுமன்றி, அதிகம் தானம் செய்தவர்களுக்கும் பரிசளித்தார். கறுப்பின மக்களைக் கும்பலாகக் கூடிக் கொல்லும் கொடுமைக்கு எதிராகக் குடியரசுத் தலைவர் வில்சனுக்கு அம்மாநாடு தந்தி அனுப்பியது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, இதே கோரிக்கையோடு வெள்ளை மாளிகை சென்ற ஹார்லெம் தலைவர்களின் குழுவில் வாக்கரும் இருந்தார். வில்சன் அவர்களைச் சந்திக்கவில்லை. 1919 மே 25-இல், 51 வயதில், சிறுநீரகக் கோளாறால் வாக்கர் மறைந்தார். நிறுவனத்தின் பிற்கால நிகர லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு அறப்பணிகளுக்கு என்று உயிலில் எழுதியிருந்தார்.

அவர் மீதான குற்றச்சாட்டுக்கு வருவோம். சூடேற்றிய இரும்புச் சீப்பை அவர் கண்டுபிடித்தார் என்பது தவறு. அது ஐரோப்பாவில் முன்பே இருந்தது. அதைப் பயன்படுத்தும் பழக்கத்தை அவர் பரப்பினார் என்பது உண்மை. தம் நோக்கம் தலைமுடியின் நலமே, நேராக்குவது அன்று என்று அவர் வற்புறுத்தியதும் உண்மை. நேர்முடி இருந்தால்தான் வேலை கிடைக்கும் என்ற உலகில் அவருடைய வாடிக்கையாளர்கள் வாழ்ந்தார்கள். அந்த அளவுகோலை அவர் உடைக்கவில்லை. ஆனால், அதை உடைக்கும் துணிவுக்கு வேண்டிய பொருளாதாரத் தரையை அவர் அமைத்தார். அறுபதுகளில் ஆஃப்ரோ முடியோடு நிமிர்ந்து நடந்த தலைமுறை அந்தத் தரையின் மீதும் நின்றது. அவர் மறைந்து சரியாக நூறாண்டு கழித்து, 2019-இல், இயற்கையான முடிக்காகப் பள்ளியிலும் பணியிடத்திலும் பாகுபாடு காட்டுவதைக் கலிஃபோர்னியா மாநிலம் சட்டத்தால் தடுத்தது. பிற மாநிலங்கள் பலவும் பின்தொடர்ந்தன.

நமக்கும் இதே கேள்வி உண்டு. கைம்பெண்ணின் தலையை வலிந்து மழித்த வழக்கம் நம் சமூகத்தின் சில பிரிவுகளில் இருந்தது. குழந்தை விதவையான சகோதரி சுப்புலட்சுமியை அவர் குடும்பம் அந்தக் கொடுமைக்கு உட்படுத்தாமல் படிக்க வைத்தது. வாக்கர் தம் நிறுவனத்தைப் பதிவு செய்த அதே 1911-இல் அவர் பட்டம் பெற்றார். பின்னர் எத்தனையோ இளம் விதவைகளின் கல்விக்கு வழி திறந்தார். நேர்ந்துகொண்டு கொடுக்கும் முடிக்கும் வலிந்து மழிக்கப்பட்ட முடிக்கும் கத்தி ஒன்றுதான். யாருடைய விருப்பம் அந்தக் கத்தியை இயக்குகிறது என்பதில் இருக்கிறது வேறுபாடு.

இன்று நம் ஊர்களிலும் சுருட்டை முடியுள்ள சிறுமியைப் பரட்டை என்று கேலி செய்கிறோம். பூப்பெய்தும் வயதிலேயே அவளை அழகு நிலையத்துக்கு அனுப்பி, இரசாயனம் பூசி முடியை நேராக்குகிறோம். விளம்பரங்களிலும் திரைப்படங்களிலும் நேராக வழியும் கூந்தல் ஒன்றே கூந்தலாகிவிட்டது. நேராக்கிக்கொள்ள விரும்பும் பெண்ணைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால், பிறந்த முடியோடு வகுப்பறைக்கும் நேர்காணலுக்கும் செல்ல விரும்பும் பெண்ணுக்குத் தயக்கம் ஏற்படாத நிலையை உருவாக்கும் கடமை ஆசிரியர்களுக்கும் முதலாளிகளுக்கும் உண்டு. அதைவிட முதலாவதாக, தினமும் காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடும் பெற்றோருக்கு உண்டு.