தெரியாத மொழியில் பாடிய செலினா

ஸ்பானிய மொழி பேசத் தெரியாத ஒரு சிறுமி, அந்த மொழிப் பாட்டுகளைப் பாடியே லட்சக்கணக்கானவர்களின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டாள். அவள்தான் செலினா!

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த லேக் ஜாக்சன் என்ற ஊரில், மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் 1971-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி பிறந்தாள். தந்தை ஆபிரகாம் முன்பு ஒரு பாட்டுக் குழுவில் இருந்தவர். மகளின் குரல் வளத்தைக் கண்டதும் அவருடைய பழைய ஆசை மீண்டும் துளிர்த்தது. அண்ணன் கிதார் வாசித்தான். அக்காள் டிரம் அடித்தாள். கடைக்குட்டி செலினா பாடினாள்.

ஓட்டல் போயிற்று

1980-ல் தந்தை ஓர் ஓட்டல் திறந்தார். குழந்தைகளின் கச்சேரி அங்கேதான் தொடங்கியது. மறு ஆண்டே எண்ணெய்த் தொழிலில் மந்தம் ஏற்பட்டது. ஓட்டலை மூடினார்கள். வீடும் பறிபோயிற்று. குடும்பம் கார்ப்பஸ் கிறிஸ்டி நகருக்குக் குடிபெயர்ந்தது.

அன்று முதல் பாட்டே பிழைப்பு ஆயிற்று. பழைய பஸ் ஒன்றில் ஊர் ஊராகப் போனார்கள். கல்யாண வீடு, திருவிழா, தெருமுனை, எங்கும் செலினா பாடினாள்.

கேட்க வந்தவர்கள் விரும்பியது ஸ்பானியப் பாட்டு. செலினா பேசி வளர்ந்ததோ ஆங்கிலம். தந்தை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுக்க, கிளிப்பிள்ளை போல் மனப்பாடம் செய்தாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பிறகு தபால் மூலம் படித்துத் தேறினாள்.

புகழின் உச்சி

"டெகானோ" எனப்படும் அந்த இசையில் ஆண்களின் ஆதிக்கமே மிகுதி. பெண் பாடினால் கூட்டம் வராது என்று பலர் ஒதுக்கினார்கள். 1987-ல் சிறந்த பாடகிக்கான டெகானோ இசைப் பரிசை வென்று, செலினா அவர்கள் வாயை அடைத்தார். 1992-ல், தந்தையின் எதிர்ப்பையும் மீறி, தன் குழுவின் கிதார் கலைஞர் கிறிஸ் பெரசை மணந்தார். 1994-ல் "கிராமி" பரிசு கிடைத்தது. அதற்குள் ஸ்பானிய மொழியில் நிருபர்களுக்குப் பேட்டி அளிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். 1995 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகர ஸ்டேடியத்தில் அவர் பாட்டைக் கேட்க 60 ஆயிரம் பேருக்கு மேல் கூடினார்கள்!

சுட்டுக் கொலை

செலினாவின் ரசிகர் மன்றத் தலைவி யோலண்டா. துணிக்கடை நிர்வாகத்தையும் அவளிடமே செலினா நம்பி ஒப்படைத்திருந்தார். கணக்கில் மோசடி தெரிய வந்தது. 1995 மார்ச் 31-ந் தேதி, கணக்குக் காகிதங்களை வாங்க யோலண்டா தங்கியிருந்த விடுதிக்குப் போனார். அங்கே யோலண்டா அவரைச் சுட்டாள். ஆஸ்பத்திரியில் செலினாவின் உயிர் பிரிந்தது. வயது 23. கொலைகாரிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஆங்கிலத்திலும் பாடிப் புகழ் பெற வேண்டும் என்பது செலினாவின் நெடுநாள் ஆசை. அந்த ஆங்கிலப் பாட்டுகள் அடங்கிய இசைத்தட்டு 1995 ஜூலையில் வெளிவந்தது. வந்த உடனே அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்தது.

கேட்டுப் பழகிய மொழியில் உயிரோடு இருந்தபோதே புகழ் வந்தது. பேசிப் பழகிய மொழியில் வந்த வெற்றியைக் காணத்தான் அவர் இல்லை.